ஹெல்ப் பண்ணேன் மேடம்

எழுமலை
7.10.2024

ரம்யாஸ்ரீக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதும் வேண்டுமென்றேதான். பேசினால் நீ ரெண்டு நிமிஷம் மூக்கை உறிஞ்சுவாய், நானும் "சரி விடு புள்ள" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். காகிதத்தில் எனக்கு அந்த வார்த்தை வராது.

வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் துறைத்தலைவர் மேடம் அறையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன். உன் வாயால் நடந்ததை நீயே ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

மேசையில் ரெண்டு அசைன்மென்ட். ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது. ரெண்டும் அந்த மாட்டுக்காரி கவிதையைப் பற்றி. காலையில் புருஷனைப் புதைத்துவிட்டு வந்து, சாயங்காலம் தொழுவத்துக்குப் போய் மாட்டில் பால் பீச்சுகிறாளே, அந்தப் பொம்பளை. 'இவள் கல்நெஞ்சுக்காரி, பணமே பெரிது என்று நினைப்பவள்' என்று கைடில் போட்டிருக்கிறது. வகுப்பிலும் அதையேதான் சொன்னார்கள். அப்படி இல்லை என்று எழுதியவர்கள் ரெண்டு செக்‌ஷனிலும் சேர்த்து நாம் ரெண்டு பேர்தான். ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தோம்.

மேடம் என்னைக் கேட்கவே இல்லை. உன்னைத்தான் கேட்டார். "ரம்யா, என்ன இது?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹெல்ப் பண்ணேன் மேடம்" என்றாய்.

பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. நீ சொன்னது உண்மை. உண்மையில் பாதியை மட்டும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மீதியை முழுங்கிவிட்டாய். மேடம் உடனே என் பக்கம் திரும்பி, "அவ பாவம் பாத்து ஹெல்ப் பண்ணா, நீ அப்படியே காப்பி அடிச்சுக் குடுப்பியா? ஹாஸ்டல்ல இதைத்தான் படிக்கிறியா?" என்றார்.

யார் யாருக்கு ஹெல்ப் பண்ணியது? முதல் வருஷத்திலிருந்து நமக்குள் இருந்த ஏற்பாடு என்ன? நான் எழுமலை அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவள். நீ தினம் இருபது இங்கிலீஷ் வார்த்தை சொல்லித் தருவாய். பதிலுக்கு நான் உனக்குப் பாடத்தில் இருக்கிற கதையும் கவிதையும் என்ன சொல்கிறது என்று சொல்வேன். லைப்ரரி மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்றரை வருஷமாக இதைத்தானே செய்தோம். 'ரிலக்டன்ட்' என்றால் என்ன என்று நீ அகராதியைப் பார்த்துச் சொன்னாய். உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டை டாட்டா ஏஸில் ஏற்றும்போது முன்னங்கால் ரெண்டையும் ஊன்றிக்கொண்டு நிற்குமே, அதுதான் என்று நான் சொன்னேன். அதற்கப்புறம்தான் உனக்கே அந்த வார்த்தை புரிந்தது என்று நீயே சொன்னாய்.

அந்தக் கவிதைக்கும் அப்படித்தான். போன மாசம் லீவில் வீட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு உனக்கு வாய்ஸ் நோட் அனுப்பினேன். பதினோரு நிமிஷம். எங்கள் பெரியப்பா மொக்கையன் செத்த அன்றைக்கு, பொணத்தைத் தூக்குவதற்கு முன்னால் அம்மா எழுந்து போய்ப் பால் பீச்சினாள். கேதத்துக்கு வந்த சனம் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது. மாட்டுக்கு எழவு தெரியாது ரம்யா. நேரத்துக்குப் பீச்சாவிட்டால் மடி கட்டிக்கொண்டு அது வலியில் கத்தும். வீட்டில் ஒரு சாவு போதும், இன்னொரு உயிர் வலிக்க வேண்டாம் என்றுதான் அம்மா போனாள். அந்தக் கவிதைக்காரியும் அதற்குத்தான் போகிறாள். இதை நான் சொல்ல, நீ எனக்காக இங்கிலீஷில் எழுதித் தருவதாகப் பேச்சு. உனக்கு நீ வேறு கவிதையை எடுத்து எழுதிக்கொள்வதாகவும் பேச்சு. நீ என்ன செய்தாய்?

அந்த வாய்ஸ் நோட்டை மேடத்திடம் நீட்டினேன். "பதினோரு நிமிஷம் தமிழ்ல கேக்குறதுக்கு இது தமிழ்த்துறை இல்லம்மா" என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இப்போது எனக்குப் பூஜ்யம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் காலேஜுக்குள்ளும் ஹாஸ்டலுக்குள்ளும் வரக் கூடாது என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் செமஸ்டருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. உனக்கோ பதினேழாம் தேதி இலக்கிய மன்ற விழாவில் அதே கட்டுரையைப் படிக்க மேடை. நொங்கு தின்னவன் ஓடிப்போனான், நோண்டித் தின்னவன் மாட்டிக்கிட்டான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பதினேழாம் தேதிக்கு முன்னால் போய் மேடத்திடம் மீதி உண்மையையும் சொல்.

முனீஸ்வரி


மதுரை, முனிச்சாலை
10.10.2024

முனீஸ்,

நான் அன்புள்ள என்றுதான் எழுத நினைத்தேன். நீ அப்படி எழுதாதபோது நான் மட்டும் எழுதினால் அது நடிப்பாகத் தெரியும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், ரெண்டாவது தடவை கோபம் வந்தது, மூன்றாவது தடவை இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

உன் பங்கை எல்லாம் எழுதியிருக்கிறாய். என் பங்கு எங்கே? நீ அனுப்பிய பதினோரு நிமிஷத்தில் "அந்த இது... அதான்டி..." என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய் தெரியுமா? முப்பத்தொரு தடவை. எண்ணினேன். அதிலிருந்து ஒன்பது பக்க இங்கிலீஷ் எடுப்பதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும், எந்த வரியை எங்கே மேற்கோள் காட்ட வேண்டும், இதெல்லாம் தொழுவத்திலிருந்து தானாக வந்ததா?

எனக்கு இங்கிலீஷ் என்னவோ தாய்ப்பாலோடு வந்த மாதிரி எழுதுகிறாய். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். தெருவில் தமிழ். இங்கிலீஷ் எனக்கு மூன்றாவது பாஷை. எல்.கே.ஜி.யிலிருந்து அடி வாங்கி, ஃபைன் கட்டி, அழுது படித்தது. அப்பா விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துப் போட்டுப் படிக்க வைத்தது. அதை ஒன்றரை வருஷம் தினம் இருபது வார்த்தையாக உனக்கு அளந்து கொடுத்தேன். ஒரு நாள் சலித்துக்கொண்டேனா?

வேறு கவிதைதான் எடுத்தேன். சத்தியமாக. ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். படித்துப் பார்த்தால் கைடு மாதிரியே இருந்தது. பக்கத்தில் உனக்காக எழுதி வைத்த ஒன்பது பக்கமும் இருந்தது. அதில் உயிர் இருந்தது. நானும்தானே எழுதினேன், எனக்கும் பாத்தியதை உண்டு என்று நினைத்தேன். ரெண்டு செக்‌ஷன் வேறு, திருத்துகிறவரும் வேறு, மாட்டிக்கொள்ள மாட்டோம் என்றும் நினைத்தேன். மேடம் ரெண்டையும் வாங்கிப் படிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு அந்த அறையில் 'ஹெல்ப்' என்று சொன்னால் ரெண்டு பேரையும் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். உன்னை மாட்டிவிட அல்ல. நம்பினால் நம்பு.

இப்போது போய்ச் சொன்னால் ரெண்டு பேருக்கும் பூஜ்யம். உனக்கு அதனால் என்ன லாபம்? பதினேழாம் தேதிக்கு அப்பா கடையில் லீவு சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் கல்யாணம், சாவு தவிர அவர் லீவு போட்டதில்லை.

உனக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்று மன்னிப்புக் கடிதத்தை நானே இங்கிலீஷில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாலே வரி. உன் கையெழுத்தில் பார்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டால் போதும். மேடம் மனசு இளகுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன். ஹால் டிக்கெட் கிடைத்துவிடும். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ரம்யா


எழுமலை
14.10.2024

ரம்யாஸ்ரீ,

ஆயுத பூஜை லீவு முடிந்து இன்றைக்குத்தான் உன் தபால் வந்தது. பதினேழாம் தேதிக்குள் இது உன் கைக்குச் சேர வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

நீ எழுதிக் கொடுத்த மன்னிப்பைப் படித்தேன். நல்ல இங்கிலீஷ். 'எனக்குள்ள மொழிக் குறைபாட்டால் என் தோழியின் உழைப்பைச் சார்ந்து நின்றுவிட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். அதுவும் நான் எழுதுவது போல! காப்பி அடித்தாள் என்று என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு மன்னிப்புக் கேட்க நீ எழுதியதைப் பார்த்து நான் காப்பி அடிக்க வேண்டுமா? எழுதும்போது உனக்குக் கொஞ்சமாவது உறைத்ததா? இல்லை, பழக்க தோஷமா?

அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தார். "என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார். தமிழில் சொன்னேன். "கையெழுத்துதானத்தா, போட்டுட்டு வந்துருவோம். பெரிய எடத்துல மல்லுக்கு நின்னா நம்ம படிப்புதான் போகும்" என்றார். எங்கள் அப்பா முத்திருளன் தண்ணீர் முறைக்கு அடுத்த காட்டுக்காரனோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர். காலேஜ் என்றதும் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா அதுவரைக்கும் மாட்டுக்குப் பருத்தி விதையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். "நான் பால் பீச்சுனத நீ அந்தப் புள்ளகிட்டச் சொன்ன. அந்தப் புள்ள அத இங்கிலீசுல எழுதுச்சு. இப்ப நீ களவாணியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தப் புள்ள மாட்டுக்குப் பக்கத்துல என்னிக்காச்சும் நின்னுருக்கா?" இல்லை என்றேன். "அப்ப அந்த டீச்சரம்மா நின்னுருக்காகளா?" தெரியாது என்றேன். "அம்புட்டுப் படிச்சவுக ஒரு வார்த்தை கேக்க மாட்டாகளா, ஒனக்கு எப்படித்தா தெரியும்னு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மொத்தக் காலேஜிலும் யாரும் எனக்காகக் கேட்காத கேள்வியைக் காலேஜ் வாசல் மிதிக்காதவள் கேட்டாள்.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் உன்னுடையதுதான். மூன்று நாள் உழைப்பும் உன்னுடையதுதான். அதை என் பேரில் கொடுத்தது என் தப்பு. அரைகுறையாக இருந்தாலும் நானே எழுதியிருக்க வேண்டும். எழுத எனக்கு வெட்கம். உன் வாக்கியங்களைப் பார்த்ததும் என்னுடையது விளங்காது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்தத் தப்புக்கு மேடம் கேட்டால் மன்னிப்புக் கேட்பேன், கூச்சமில்லை. ஆனால் திருடினேன் என்று ஒருநாளும் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒரு வருஷம் போனால் போகட்டும். இங்கே மாடு இருக்கிறது.

பதினேழாம் தேதி மேடையில் எங்கள் அம்மாவைப் பற்றித்தான் படிக்கப் போகிறாய். அவள் பேர் பாண்டியம்மாள். தெரிந்து வைத்துக்கொண்டு படி.

உன் நாலு வரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முனீஸ்வரி


மதுரை, முனிச்சாலை
18.10.2024

முனீஸ்,

உன் கடிதம் 16ஆம் தேதியே வந்துவிட்டது. வந்தும் நான் மேடத்திடம் போகவில்லை. போயிருந்தால் நான் நல்லவள் என்று இப்போது எழுதிக்கொள்ளலாம். போகவில்லை.

நேற்று அரங்கம் நிறைந்திருந்தது. அப்பா மூன்றாவது வரிசையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது பக்கத்தையும் படித்தேன். கைதட்டினார்கள். மேடம் முதல் வரிசையில் தலையை ஆட்டினார்.

திருச்சியிலிருந்து சிறப்பு விருந்தினராக ஓர் அம்மா வந்திருந்தார், ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் எழுந்து, கட்டுரை ரொம்பப் பிடித்தது, ஒரே ஒரு சந்தேகம் என்றார். கவிதையின் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, 'நீ போய்ப் படு, இன்றைக்கு நான் பீச்சுகிறேன்' என்று வாளியைக் கேட்கிறாள். இவள் கொடுக்க மறுக்கிறாள். 'அதை விட்டுவிட்டீர்களே, ஏன் மறுக்கிறாள்?' என்று கேட்டார்.

உன் வாய்ஸ் நோட்டில் ஒன்பதாவது நிமிஷத்தில் அதைப் பற்றி ஏதோ சொன்னாய். எனக்கு விளங்கவில்லை. உன்னிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். மைக் முன்னால் நிற்கிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள். கைடில் இருப்பதைச் சொல்லியிருக்கலாம். 'பிடிவாதம்' என்று போட்டிருக்கிறது. வாய் வரை வந்தது. அப்போது உன் அம்மா கேட்டது ஞாபகம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

"எனக்குத் தெரியாது மேடம். இந்தக் கட்டுரையில இருக்கிற யோசனை எதுவும் என்னுது இல்ல. எழுமலை முனீஸ்வரி சொன்னது. அவங்க அம்மா செஞ்சது. நான் இங்கிலீஷ்ல எழுதினேன், அவ்வளவுதான். இதுக்காக அவளை வெளியில அனுப்பியிருக்காங்க. என்னை மேடையேத்தியிருக்காங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அந்த நேரத்தில் இங்கிலீஷ் ஒரு சொல் வரவில்லை.

நம் மேடம் எழுந்து, "தட்ஸ் எனஃப், சிட் டவுன்" என்றார். அந்த விருந்தினர் அம்மா, "இல்ல, அவ பேசட்டும்" என்றார். நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

அப்பா காபி குடிக்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால், "சொல்றதா இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லாம இருக்கறதா இருந்தா கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். ரெண்டும்கெட்டானா என்ன பழக்கம் இது?" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அம்மா நடுவில் நின்று தவிக்கிறாள்.

இன்று காலையில் மேடம் கூப்பிட்டு, எனக்கும் பூஜ்யம் என்றார். உனக்குப் பூஜ்யம் ரத்தா என்று கேட்டேன். "இல்ல, இப்ப ரெண்டு பேரும் மன்னிப்புக் கடிதம் குடுக்கணும். நீ துறையோட மானத்தை வாங்கினதுக்கும் சேத்து" என்றார். நீ திருடவில்லை என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கடிதத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையில் இருந்த ஒன்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நானும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. என்ன செய்யலாம் என்று நீ சொல். நான் எதையும் உனக்காக எழுதி வைக்கவில்லை.

அவள் ஏன் வாளியைக் கொடுக்கவில்லை? அந்த ஒன்பதாவது நிமிஷத்தை இன்றைக்கு நாலு தடவை கேட்டேன். மாடு கத்துகிற சத்தத்தில் நீ சொல்வது சரியாகக் கேட்கவில்லை.

ரம்யா


எழுமலை
22.10.2024

ரம்யா,

மேடையில் சொன்னாய் என்பதற்காக எல்லாம் ஆறிப்போய்விட்டது என்று நினைக்காதே. பதின்மூன்று நாள் ஊரெல்லாம் என்னைக் காப்பி அடித்தவள் என்று சொல்லியிருக்கிறது. சிற்றப்பன் மகள்கூட, "என்னக்கா, காலேஜ்ல வெரட்டி விட்டாகளாமே" என்று கேட்டாள். அது உன் ஒரு நிமிஷப் பேச்சில் போய்விடாது. ஆனாலும் உன் அப்பா முகத்துக்கு முன்னால் சொன்னாய். அது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும்.

காலேஜ் முதல்வருக்கு நேராகக் கடிதம் எழுதிவிட்டேன். இங்கிலீஷில், ஒரு பக்கம், நானே. அகராதியை மட்டும் பார்த்தேன். என்ன தப்புச் செய்தேன், என்ன செய்யவில்லை, ரெண்டையும் எழுதியிருக்கிறேன். இதே கவிதையைப் பற்றி, அவர் முன்னாலேயே உட்கார்ந்து திரும்ப எழுதத் தயார், கேள்வியும் அவரே கேட்கட்டும் என்று முடித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் படித்தால் சிரிப்பான். சிரிக்கட்டும். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அப்பா வரவில்லை. அம்மா வாரேன் என்று சொல்லியிருக்கிறாள். அழ மாட்டாள், கும்பிட மாட்டாள், கேட்க வேண்டியதைக் கேட்பாள். ஹால் டிக்கெட் கொடுத்தால் எழுதுகிறேன். கொடுக்காவிட்டால் ஏன் இல்லை என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வருவேன்.

உனக்குத் தைரியம் இருந்தால் உன் கடிதத்தை நீ எழுதிக்கொண்டு வா. என்னிடம் காட்ட வேண்டாம். என்னுடையதை நீ கேட்காதே, திருத்தவும் வராதே.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்த விருந்தினர் அம்மாவுக்கும் எழுதிப் போடு, என் பேரைப் போட்டு.

பழகாத கை வைத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அது ஒரு காரணம். அது மட்டும் இல்லை. எங்கள் பெரியப்பா செத்த அன்றைக்கும் பக்கத்து வீட்டு இருளாயி வந்து, "நீ போத்தா, நான் பீச்சுறேன்" என்று அம்மாவிடம் வாளியைக் கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அம்மா கொடுக்கவில்லை. வீட்டு முன்னால் நூறு பேர். அங்கே அழுதால் எப்படி அழுகிறாள் என்று பார்ப்பார்கள், அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பார்ப்பார்கள். தொழுவத்தில் மாட்டு வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அவளுக்கு அழ இடம். நான் கதவோரம் நின்று பார்த்தேன். பால் பாத்திரத்தில் விழுகிற சத்தத்துக்குள்ளேயே அழுது முடித்துவிட்டு எழுந்து வந்தாள். அந்த வாளியை இருளாயி வாங்கியிருந்தால் அம்மா எங்கே போய் அழுவாள்?

இருளாயி கேட்டதும் ஹெல்ப்தான் ரம்யா. வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் பிடிவாதம் என்று கைடில் போட்டிருக்கிறான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முதல்வர் அறை வாசலில் நிற்பேன்.

முனீஸ்வரி